ஒரு படத்துக்கு ஓர் உருவம்

"நீங்க ஏமாந்தீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"யார்கிட்ட ஏமாந்தேனான்னு கேக்குறீங்க?"

"படத்துகிட்டம்மா. இரண்டாம் பாகத்துகிட்ட."

கண்ணாடிக்கடைக்காரி பக்கத்தில் நின்ற கணவரைப் பார்த்தாள். அந்த இரண்டாம் பாகத்தை எடுத்த இயக்குநர் அவர்தான். சுவரில் தீ விபத்து எச்சரிக்கை ஒன்று ஒட்டியிருந்தது. அதை அதுவரை யாரும் படித்திராத அக்கறையோடு அவர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, சொல்லட்டுமா?"

"சத்தியம் பண்ணிட்டு வந்திருக்க. சொல்லு," என்றார், எச்சரிக்கையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஏமாந்தேங்க."

"அப்பாடா," என்றார் செயலர். "ஏமாறாதவங்களை உள்ள விட முடியாது. முன்ன ஒருத்தர் வந்து, படம் நல்லாத்தானே இருந்துச்சுன்னு சொல்லிட்டார். அவரை என்ன பண்றதுன்னே தெரியல. சாயந்திரம் வரைக்கும் பெஞ்சுல உக்கார வெச்சிட்டு, தண்ணி குடுத்து அனுப்பிட்டோம்."

அந்த இடத்தின் பெயர் மறுதொகுப்பு மேம்பாட்டு ஆணையம். வெளிவந்து மண்ணைக் கவ்விய படத்தை, எடுத்தவரே மறுபடி வெட்டி ஒட்டிச் சரிசெய்ய நினைத்தால் சட்டம் தடுக்காது. சட்டம் தாராள மனசுடையது. சரிசெய்ததைக் கொண்டுவந்து ஆணையத்திடம் ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான். மேம்பட்டிருக்கிறது என்று ஆணையம் சொன்னால் பழையதை அழிப்பார்கள். மேம்படவில்லை என்றால் புதியதை அழிப்பார்கள். இரண்டையும் வைத்துக்கொண்டால் மக்கள் குழம்பிப்போவார்களாம். 'ஒரு படத்துக்கு ஓர் உருவம்' என்று வாசல் வளைவில் பெரிதாக எழுதிவைத்திருந்தார்கள்.

இயக்குநர் வீட்டில் ஒரு பிரதியும் வைத்துக்கொள்ளக் கூடாது. வெட்டாமல் கிடந்த துண்டுகள் உள்பட எல்லாவற்றையும் வாங்கி உள்ளே பூட்டிவிட்டார்கள். இன்று கடைசி அமர்வு; விதிப்படி நெருங்கிய சாட்சியாக மனைவியை அழைத்திருந்தார்கள். அலுவலகம் மூடுவதற்குள் தீர்ப்பு வராவிட்டால் மேம்படவில்லை என்றே கொள்ளப்படும்.

இரண்டு வருஷமாக அவள் அவருடைய முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். படுக்கையறை மூலையில் உட்கார்ந்து அவர் வெட்டுவார், ஒட்டுவார், மறுபடி வெட்டுவார். டீ கொண்டுபோகும்போது கதவருகே நின்றபடி துண்டு துண்டாகப் பார்ப்பாள். ஒரு ஜன்னல், ஒரு கை, நிறைய மழை. முழுசாகப் பார்த்ததில்லை. ஆணையத்துக்கு முன்னால் யாரும் பார்க்கக் கூடாது என்பது சட்டம். சட்டம் மட்டுமே காரணமும் இல்லை. முதலில் படம் வெளியான அன்று தியேட்டர் வாசலில் அவர், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். அவள், "தலைவலிக்குதுங்க," என்றாள். அதற்குப் பிறகு அவர் எதைப் பற்றியும் கேட்பதில்லை, குழம்பில் உப்பு சரியா என்பதைக்கூட.

பொய் சொல்ல அவளுக்கு வராது. அவளுடைய வேலையும் அப்படி. கண்ணாடிக்கடையில் கண் பார்ப்பவள் அவள். கடை அவளுடையதில்லை, ஆனாலும் தெருவில் எல்லாருக்கும் அவள் கண்ணாடிக்கடைக்காரிதான். நாள் முழுக்க வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்பாள். அங்கே வந்து உட்கார்ந்து யாராவது மரியாதைக்காகப் பொய் சொன்னால் பஸ் நம்பர் தெரியாமல் தவிப்பார்கள்.

செயலர் கதவைத் திறந்தார். உள்ளே இருட்டு. திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தது.

"இது பழைய படமாச்சே. இதை எதுக்குப் போட்டிருக்காங்க?"

"ஏமாற்றத்தைப் புதுப்பிக்கிறாங்கம்மா," என்று செயலர் காதோரம் சொன்னார். "மேம்பட்டிருக்கான்னு தெரியணும்னா முதல்ல நல்லா ஏமாந்திருக்கணும் இல்லையா? போன அமர்வுல ஏமாந்தது இந்த அமர்வுக்குள்ள ஆறிப்போயிருக்கும். அதனால ஒவ்வொரு தடவையும் பழசை முழுசா ஓட்டிட்டுத்தான் புதுசைத் தொடுவாங்க."

முதல் பாகம் எல்லாருக்கும் பிடித்த படம். படகுத்துறையில் சீட்டுக் கொடுக்கும் ஓர் அக்கா. சொல்லிக்கொள்ளாமல் படகேறிப் போய்விடும் ஒரு தம்பி. ஒரு கெட்டவன், ஒரு புயல். இரண்டாம் பாகத்தில் தம்பி திரும்பி வருகிறான். அதையும் அவ்வளவு எளிமையாகவே எடுக்கத்தான் இயக்குநர் நினைத்தார். அப்போது தொடர்ச்சிப்பட ஊக்குவிப்பு ஆணையம் என்று ஒன்று இருந்தது. இதே கட்டடம், இதே நாற்காலிகள், பலகை மட்டும் வேறு. இரண்டாம் பாகம் என்றால் எல்லாம் இரண்டிரண்டாக இருக்க வேண்டும் என்று அவர்கள் விதி போட்டார்கள். இரண்டு புயல் வந்தது. கெட்டவன் இரட்டையரானான். அக்காவும் இரண்டாகியிருப்பாள். நடிகை அந்த மாதம் ஊரில் இல்லாததால் பிழைத்தாள்.

முன் வரிசையில் மூன்று தலைகள் தெரிந்தன. நடுவில் தலைவர். அவருக்கு வலப்பக்கம் உணர்ச்சிப் பொறுப்பு உறுப்பினர் அம்மையார், மடியில் கைக்குட்டை. இடப்பக்கம் கால அளவு உறுப்பினர், கையில் நிறுத்துகடிகாரம்.

திரையில் இரட்டையரில் ஒருவன் துப்பாக்கியை நீட்டி, "எங்களில் ஒருவனைத்தான் நீ கொன்றாய்," என்றான்.

"இன்னொருவன் உன் முதுகுக்குப் பின்னால் நிற்கிறான்," என்று மூன்று தலைகளும் கூடவே சொல்லின. அம்மையார் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார்.

கண்ணாடிக்கடைக்காரி கணவர் பக்கம் சாய்ந்தாள்.

"என்னங்க, இவங்களுக்கு வசனமெல்லாம் மனப்பாடமா இருக்கே."

"இருக்காதா? வருஷம் பூரா பாக்குறாங்க."

"உங்களுதை எத்தனை தடவை பாத்தாங்க?"

இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "ஆரம்பத்தைப் பாத்திருக்காங்க. பழசு முடிய மத்தியானம் ஆயிடும். சாப்பிட்டுட்டு வந்து என்னுதைப் போடுவாங்க. அரை மணி நேரம் ஓடும். அதுக்குள்ள அலுவலகம் மூடற நேரம் வந்துடும். அடுத்த அமர்வுல திரும்பவும் முதல்லேர்ந்து."

"அப்போ முடிவு?"

"நடுவைக்கூட பாக்கல."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உனக்குத் தலைவலி வரும்னுதான்."

திரையில் இரண்டாவது புயல் தொடங்கியது. தலைவர் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

சாப்பாடு முடிந்து அவர்கள் திரும்பி வரும்போது வராந்தா ஜன்னல் வெயில் எதிர்ச் சுவரில் ஏறியிருந்தது. புதிய படத்தைப் போட்டார்கள். திரையில் படகுத்துறைச் சீட்டறையின் மூடிய ஜன்னல். மெதுவாக விடிகிறது. அக்கா வந்து பூட்டைத் திறக்கிறாள்.

"புயல் எங்க?" என்றார் அம்மையார்.

"எடுத்துட்டேங்க," என்றார் இயக்குநர்.

"எடுத்து எங்க வெச்சிருக்கீங்க?"

"வெட்டிட்டேன். ரெண்டுல ஒண்ணுதான் இருக்கு. அது கடைசியில வரும்."

"கடைசி எங்களுக்கு இன்னும் வரலையே. வராத புயலை நான் எப்படிங்க உணர்றது?"

"பழைய படத்துல இந்நேரத்துக்கு மூணு பேர் செத்திருப்பாங்க," என்றார் கால அளவு உறுப்பினர், கடிகாரத்தைத் தட்டியபடி. "இதுல ஒருத்தர்கூட சாகல. நஷ்டம் மூணு."

"அந்த இரட்டையர்?" என்று தலைவர் கேட்டார். அவர் குரல் லேசாகக் கம்மியிருந்தது. "ரெண்டு பேரும் சுகமா இருக்காங்களா?"

"ஒருத்தன்தாங்க இருக்கான். அவனும் கெட்டவன் இல்லை. படகுக்கு எண்ணெய் போடறவன்."

முன் வரிசையில் யாரோ செத்துப்போன செய்தி வந்ததுபோல் ஓர் அமைதி. தலைவர் கையைத் தூக்கினார். படம் நின்றது.

"நெருங்கிய சாட்சி வரலாம்."

அவள் எழுந்து போய், திரைக்குப் பக்கத்தில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளியே பணியாளர் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வரும் சத்தம் கேட்டது.

"ஐயா, ஒரு வேண்டுகோள். இன்னிக்கு ஒரு நாள் கொஞ்சம் நேரம் கூடுதலா இருந்து, இதை முழுசா ஓட்டிப் பாருங்களேன். இப்ப ஆரம்பிச்சா இருட்டுறதுக்குள்ள முடிஞ்சிடும்."

தலைவர் அன்பாகச் சிரித்தார். கோபித்திருந்தால்கூட அவளுக்குத் தைரியம் வந்திருக்கும்.

"அம்மா, நான் இந்த நாற்காலிக்கு வந்து எத்தனையோ படத்துக்குத் தீர்ப்பு சொல்லியிருக்கேன். ஒண்ணையும் முடிவு வரைக்கும் பாத்ததில்லை. அதுதான் என் நேர்மை. முடிவு தெரிஞ்சவனுக்கு அந்தப் படத்து மேல ஒரு அபிப்பிராயம் வந்துடும். அபிப்பிராயம் வந்துட்டா நடுநிலை எங்க இருக்கும்? எனக்கு முன்ன இருந்தவர் ஒரு படத்தை முழுசா பாத்துட்டார். பாவம், அழுதுட்டார். அப்புறம் அவரை நூலகத்துக்கு மாத்தினோம்."

"அதுவும் சரிதான்," என்று சொல்வதைத் தவிர அவளுக்கு வழி தெரியவில்லை.

"இப்ப சொல்லுங்க. மேம்பட்டதா, மேம்படலையா?"

கடைசி நாற்காலியில் கணவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேம்பட்டது என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. துண்டு துண்டாகப் பார்த்த ஜன்னலும் கையும் மழையும் நினைவுக்கு வந்தன. அவற்றை வைத்துக்கொண்டு எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவுதான் வாயிலிருந்து வந்தது.

"தேவலைங்க."

"என்ன?"

"பாத்த வரைக்கும், தேவலை."

செயலர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். "அப்படி ஒரு பிரிவு இல்லைங்க ஐயா."

"எங்க கடையில தினமும் சொல்ற வார்த்தைதாங்க. வில்லையை மாத்திப் போட்டா, முன்னைக்கு இது தேவலைன்னு சொல்வாங்க. அப்புறம் இன்னும் கொஞ்சம் பாத்து..."

"ஒப்பிட்டுப் பாக்கிறதுதான் உங்க தொழிலா?" தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதை ஏன் முன்னாடியே சொல்லல? செயலரே, அம்மா கடையில எப்படியோ அப்படியே செய்வோம். ஒரு கண்ணை மூடிக்கங்கம்மா."

"சினிமாவுக்கு எதுக்குங்க ஒரு கண்ணு?"

"முறைன்னா முறைதாம்மா."

அவள் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். அக்காவின் முகம் திரையில் வந்தது, பின்னால் நூறு வயலின் கதற. உடனே அதே முகம், சத்தமே இல்லாமல்.

"முதல்ல வந்ததா, ரெண்டாவதா?"

"ரெண்டாவதுங்க."

செயலர் வரிசையை மாற்றினார். முதலில் சத்தமில்லாத முகம், பிறகு வயலின்.

"இப்ப?"

"முதல்ல வந்தது."

கால அளவு உறுப்பினர் கடிகாரத்தை அமுக்கினார். "ரெண்டாவதுக்கு ஒண்ணு, முதலாவதுக்கு ஒண்ணு. சரிசமம்."

"சரிசமம் எப்படிங்க? ரெண்டு தடவையும் நான் புதுசைத்தானே சொன்னேன்?"

"எது புதுசுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"பாத்தாலே தெரியுதே."

"அப்போ சாட்சிக்குப் பாரபட்சம் இருக்கு," என்றார் அம்மையார், வருத்தத்தோடு. "பாவம், புருஷன் மேல பாசம். அதை நான் உணர்றேன்."

கண்ணைப் பொத்திய கையை எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வராந்தாவில் கடைசி ஜன்னலும் சாத்தப்பட்டது. தலைவர் எழுந்தார்.

"தீர்ப்பு சொல்லணும். மனசு நிறைஞ்சிருக்கு. முதல் அமர்வுல பழைய படத்தைப் பாத்தப்ப எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. என்ன கண்றாவி இதுன்னு வெளிய போய் நின்னுட்டேன். அப்புறம் பாக்கப் பாக்க, ரெண்டாவது புயல் எதுக்குன்னு புரிஞ்சுது. முதல் புயலுக்குத் துணை. இப்பல்லாம் பல் தேய்க்கும்போது இரட்டையர் வசனம்தான் வாயில வருது. வீட்டுல பேசறதுக்கு இதுதான் இருக்கு. ஒரு படம் இவ்வளவு முன்னேறி நான் பாத்ததில்லை. இந்த ஆணையத்தோட அயராத உழைப்பால, பழைய படம் மேம்பட்டிருக்கு. சாட்சியே தேவலைன்னு சொல்லிட்டாங்க."

"ஐயா, நான் புதுசைத்தான் தேவலைன்னு சொன்னேன்."

"எதைவிடம்மா தேவலை?"

"பழசைவிட."

"எந்தப் பழசைவிட? நீங்க தியேட்டர்ல பாத்த பழசா, இன்னிக்கு நாங்க பாத்த பழசா? இன்னிக்குப் பாத்த பழசு எங்கேயோ போயிடுச்சும்மா. அதை இந்தப் புதுசால எட்டிப் பிடிக்க முடியாது."

மேம்பாட்டுச் சான்று பழைய படத்துக்கு வழங்கப்பட்டது. மூவரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தனக்கு வந்த சான்றுதான் என்பதால் இயக்குநரும் எழுந்து நிற்க வேண்டியிருந்தது.

அழிப்புப் பிரிவு கீழ்த்தளத்தில் இருந்தது. படிக்கட்டில் இறங்கும்போது அவள், "மேம்பட்டதுன்னே சொல்லித் தொலைச்சிருக்கணும் நான்," என்றாள்.

"சொல்லியிருந்தா அதுக்கும் பாரபட்சம்னுதான் சொல்லியிருப்பாங்க."

"இருந்தாலும்."

"விடு. ரெண்டு வருஷமும் நீ டீயாவது குடுத்த."

அவர் அதை விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் ஒரு படியில் நின்றுவிட்டு, பிறகு இறங்கினாள்.

அழிப்பு அலுவலர் ஒற்றை விளக்கின் கீழ் உட்கார்ந்திருந்தார். சளி பிடித்த குரல். "உக்காருங்க. முழுசா ஓட்டிப் பாத்துட்டுத்தான் அழிக்கணும்."

"முழுசாவா?" என்றாள் அவள்.

"மேல உள்ளவங்க பாக்காம தீர்ப்பு சொல்லலாம். நான் பாக்காம அழிச்சு, அது வேற படமா இருந்தா என் வேலை போயிடும். வீட்டுல ஆறு பேர் சாப்பிடணும்."

விளக்கை அணைத்தார்.

தம்பி படகிலிருந்து இறங்கினான். எண்ணெய்க்காரன் அவனை அடையாளம் கண்டு, கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கடைசியில் அந்த ஒரே புயல் வந்தது. துறை வெறிச்சோடியது. தம்பி சீட்டறைக் கதவுக்கு வெளியே மழையில் நின்றான். தட்டினான். அக்கா உள்ளே இருந்தாள். அவன் நின்றுகொண்டே இருந்தான். மறுபடி தட்டினான். அவள் கதவைத் திறக்கவில்லை. சீட்டு கொடுக்கும் சின்ன ஜன்னலைத் திறந்து, எல்லாரிடமும் கேட்கும் குரலில் கேட்டாள்: "போக மட்டுமா, போய்வரவா?" மழை பெய்தது. அவள் கை ஜன்னலுக்கு வெளியே வந்து, அவன் தலையைத் தொடாமல், தலைக்கு மேலே நனைந்துகொண்டு நின்றது.

கண்ணாடிக்கடைக்காரி வீட்டில் கதவருகே நின்று பார்த்த கை அதுதான். அது யாருடைய கை, எதற்காக நீண்டது என்பது அவளுக்கு இன்றுதான் தெரிந்தது.

படம் முடிந்தது. அலுவலர் விளக்கைப் போட மறந்து உட்கார்ந்திருந்தார். பிறகு போட்டார். மூக்கைச் சிந்திக்கொண்டார். சளியாகவும் இருக்கலாம்.

"இதை எதுக்கு அழிக்கச் சொன்னாங்க?"

"மேம்படலையாம்," என்றார் இயக்குநர்.

"எதைவிட?"

அலுவலர் இயந்திரத்தின் மூடியைத் திறந்தார். உள்ளே சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது.

"அழிக்கிறதுக்கு முன்ன ஒண்ணு கேக்கணும். இது இன்னார் படம்தான்னு அடையாளம் சொல்லணும்."

"என் படம்தான்," என்றார் இயக்குநர்.

"நீங்க சொன்னா செல்லாது. எடுத்தவர் எல்லாத்தையும் என்னுதுன்னுதான் சொல்வார். சாட்சி சொல்லணும். அம்மா, இது இவர் எடுத்த படம்தானா?"

அவள் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தாள். "இல்லைன்னு சொன்னா?"

அலுவலரின் கை மூடியிலேயே நின்றது. "இல்லைன்னா, இது அவங்க அழிக்கச் சொன்ன படம் இல்லை. அனாதைப் படம். அனாதையை அழிக்க எனக்கு அதிகாரம் கிடையாது." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா அப்புறம் இவர் எந்தக் காலத்துலயும் இது என்னுதுன்னு வாயைத் திறக்கக் கூடாது. அதையும் யோசிச்சுக்கங்க," என்றார்.

இயக்குநர் திரும்பி அவளைப் பார்த்தார். பல நாளைக்குப் பிறகு நேராகப் பார்த்த பார்வை. சரி என்றும் தலையாட்டவில்லை, வேண்டாம் என்றும் தலையாட்டவில்லை. அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். சத்தியம் செய்த கை.

"இல்லைங்க," என்றாள் கண்ணாடிக்கடைக்காரி. "இது இவர் எடுத்தது இல்லை. இவருக்கு இவ்வளவு நல்லா எடுக்க வராது."

"நிச்சயமா?"

"கட்டிக்கிட்டவ சொல்றேன், எனக்குத் தெரியாதா? இவர் எடுத்தா ரெண்டு புயல் வெப்பார்."

அலுவலர் மூடியைச் சாத்தினார். சிவப்பு விளக்கு அணைந்தது. ஓர் அட்டையை எடுத்து 'உரியவர் தெரியவில்லை' என்று எழுதி, படப்பெட்டியில் ஒட்டினார்.

"இனிமே எனக்குத்தான் வேலை," என்று சலித்துக்கொண்டார். "அனாதைன்னா வாராவாரம் வாசல்ல பலகை வெக்கணும். வர்றவங்களுக்கெல்லாம் முழுசா ஓட்டிக் காட்டி, யாருதுன்னு தெரியுதான்னு ஒவ்வொருத்தரையா கேக்கணும். தெரியுதுன்னு யாராவது சொல்ற வரைக்கும் ஓட்டிக்கிட்டே இருக்கணும்."

"கூட்டம் வருமா?" என்று கேட்டார் இயக்குநர். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"உங்களுக்கென்ன அதைப் பத்தி? உங்க படமா?"

"இல்லை," என்றார் இயக்குநர்.

தெருவுக்கு வந்தார்கள். இருட்டில் கடை சாத்திவிட்டுப் போகிறவர்கள் அவர்களை இடித்துக்கொண்டு போனார்கள். பேருந்து நிறுத்தம் வரைக்கும் நடந்தார்கள். நிறுத்தத்தில் நின்றபின், அவர் எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நிஜமாவே அவ்வளவு நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவர் தலையசைத்தார். பேருந்து ஒன்று வந்து, நிற்காமல் போனது.

"தம்பி மழையில நிக்கிறது மட்டும் கொஞ்சம் நீளம்," என்றாள் அவள்.

"எங்க? முதல்ல தட்டினதுக்கு அப்புறமா?"

"ரெண்டாவது தட்டினதுக்கு அப்புறம்."

"அதேதான்," என்றார் அவர், நடைபாதையில் நின்றபடி அவள் பக்கம் முழுசாகத் திரும்பி. "அங்க வெட்டலாமா வேண்டாமான்னு ஒரு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டேன். ஒரு வார்த்தை உன்னைக் கேட்டிருக்கலாம்."